கலைப்பதில் வேகம், வசூலிப்பதில் நிதானம்

அடகு வைத்த நகையில் கவரிங் கலந்திருந்தது தெரிந்ததும், கூட்டுறவு வட்டாரத்தில் முதலில் காதில் விழுவது ‘81 போட்டாச்சு’ என்ற பேச்சுதான். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இல் 81-ஆவது பிரிவு விசாரணைக்கு. இழப்புக்குப் பொறுப்பானவர்களிடம் தண்டத்தீர்வை விதித்து வசூலிக்க 87. நிர்வாகக் குழுவையே கலைக்க 88. மூன்றும் பதிவாளரின் துறையிடமே இருக்கின்றன. உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை 156-ஆவது பிரிவு சாத்திவிடுவதால், மனக்குறை உள்ளவர்கள் கடைசியில் ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்தில் போய் நிற்கிறார்கள்.

தண்டத்தீர்வை நடவடிக்கையைத் தொடங்கவே 7 ஆண்டு அவகாசம் உண்டு. உத்தரவு வந்தாலும் பல நேரம் நிற்பதில்லை. செயலாளர், காசாளர், நகை மதிப்பீட்டாளர், தலைவர் தொடங்கி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்ட இயக்குநர் வரை எல்லோர் தலையிலும் தொகையைப் பிரித்து எழுதிவிடுகிறார்கள். நம்பிக்கை மோசடியோ, வேண்டுமென்றே காட்டிய அசட்டையோ இருந்தால்தான் பொறுப்பு என்கிறது சட்டம். யார் எதில் அசட்டை காட்டினார் என்று உத்தரவு சொல்லாதபோது நீதிமன்றம் அதை ரத்து செய்கிறது. கோப்பு மறுவிசாரணைக்குத் திரும்புகிறது. இதை ‘நீதிமன்றத் தாமதம்’ என்று துறை சொல்வது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

கலைப்பதில் இந்த நிதானம் கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக் குழுவை, ரிசர்வ் வங்கியை முறையாகக் கலந்தாலோசிக்காமலேயே கலைத்தார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்கு 1 லட்சம் ரூபாய் வழக்குச் செலவு விதித்தது; கலைத்த இணைப்பதிவாளரும் 10,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தொகையைவிடப் பெரியது வேறொன்று: வெளியே இருந்த காலத்தை ஈடுகட்டும் அளவுக்குக் குழு மீண்டும் பதவியில் இருக்கலாம் என்ற உத்தரவு. குழுவின் சொத்து அதன் பதவிக்காலம். அது கரைந்தபின் வழக்கில் ஜெயித்து என்ன பயன்? இந்த நிவாரணம் சட்டப் பிரிவாகவே வந்திருக்க வேண்டும்.

97-ஆவது அரசமைப்புத் திருத்தம், கலைப்புக் காலம் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது என்றது. கூட்டுறவு வங்கிகளுக்கு ஓராண்டு. கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள், பாதி மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தைப் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களோடு நிறுத்திவிட்டது. கூட்டாட்சிக் கண்ணோட்டத்தில் சரியான தீர்ப்பு. ஆனால் உள்ளூர்ச் சங்கத்துக்கு இருந்த அரசமைப்புக் காவல் போய்விட்டது. மாநிலச் சட்டமே கதி.

அந்தச் சட்டத்தை மாற்ற ஆட்சிக்கு ஆசை வருவது இயல்பு. 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் 5 ஆண்டை 3 ஆகக் குறைக்க 2022 ஜனவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதலுக்கு அது காத்துக் கிடக்கையிலேயே குழுக்களின் காலம் முடிந்தது. நிர்வாகம் அலுவலர்களிடம் போனது. இனி ஒரு சங்கத்தில் 81 போட்டால், நிர்வாகம் செய்தவரும் துறை, விசாரிப்பவரும் துறை, தண்டத்தீர்வை எழுதுபவரும் துறை.