உங்கள் வேகத்தில் பௌதிகவியல்

இந்த செமஸ்டர் தொடங்கியதில் இருந்து நாலைந்து பேராவது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "பிசிக்ஸை ஒன்லைனில எடுக்கலாமா? நீ எடுத்தனிதானே, எப்பிடி?" லொக்கருக்குப் பக்கத்தில் நின்றபடி ஒற்றை வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. கொஞ்சம் நீளமான பதில்தான் இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இதைக் காட்டிவிடலாம் :-)

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கனடாவில் கல்வி மாகாணங்களின் பொறுப்பு. நான் இருக்கும் ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா பெற 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் குறைந்தது 110 மணி நேரப் படிப்பு. 2019 மார்ச்சில் மாகாண அரசு, இந்த 30இல் 4 கிரெடிட்டைக் கட்டாயம் இணையவழியில் எடுக்க வேண்டும் என்று அறிவித்தது. அடுத்த மாதமே மாணவர்கள் மாகாணம் முழுவதும் வகுப்பை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள் (வகுப்பில் பிள்ளைகளைக் கூட்டுவதும் அதில் ஒரு பிரச்சினை). ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்தன. அந்த நவம்பரில் 4 என்பது 2 ஆகக் குறைந்தது. 2020-21 கல்வியாண்டில் தரம் 9இல் சேர்ந்தவர்களில் இருந்து அது நடைமுறைக்கு வந்தது. வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். எங்கள் வீடுகளில் எத்தனை அம்மா அப்பாவுக்கு அப்படி ஒரு படிவம் இருப்பது தெரியும் என்பது வேறு கதை.

இணைய வகுப்பு என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு சாதி. ஒன்றில் செமஸ்டர் தேதி உண்டு, ஒப்படைக்குக் கெடு உண்டு, அந்தப் பக்கம் ஒரு ஆசிரியர் எங்களைத் தேடுவார். மற்றது சுயவேக வகுப்பு. எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். நான் தரம் 12 பௌதிகவியலை இரண்டாவது வழியில்தான் எடுத்தேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. இது விளம்பரமும் இல்லை, வசையும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது.

நான் இங்கே வந்தது தரம் 7இல். உராய்வு, உந்தம், முடுக்கம் என்றுதான் இந்தச் சொற்கள் எனக்கு முதலில் அறிமுகம். வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஓட்டமாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, நான் ஒரு சொல்லைத் தலைக்குள் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் அவர் இரண்டு சமன்பாடு தள்ளிப் போயிருப்பார். கையைத் தூக்கி "திரும்பச் சொல்லுங்கோ" என்று கேட்கலாம். ஒருமுறை கேட்கலாம். மூன்றாம் முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை, உங்களுக்கு இருந்தால் நீங்கள் பெரிய ஆள். மின்புலம், காந்தப்புலம் அலகு வந்தபோது ஒரே வீடியோவை மூன்று தரம் பார்த்தேன். நடுவில் நிறுத்தினேன், படம் கீறினேன், தமிழில் குறிப்பு எழுதினேன். யாரும் பெருமூச்சு விடவில்லை. எங்களைப் போல மொழி மாறி வந்த பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இந்த வகுப்புகளை விற்கிறவர்கள் அப்படியா விற்கிறார்கள்? "உங்கள் வேகம்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டுக் கீழே "நாலே வாரத்தில் முடிக்கலாம்" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 மணி நேரத்தை 28 நாளால் பிரித்தால் ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 4 மணி நேரம். சனி ஞாயிறும் சேர்த்து. பள்ளிக்கூடத்தில் மற்ற மூன்று பாடமும், பகுதிநேர வேலையும் இருக்கிற ஒரு பிள்ளைக்கு இது நடக்கிற காரியமா? விடுமுறைக் காலத்தில் என்றால் வேண்டுமானால் பார்க்கலாம். மெதுவாகப் படிக்கிறவர்களுக்குத்தான் இந்த முறை உண்மையில் உதவுகிறது. விற்பனை மட்டும் அவசரக்காரர்களைப் பார்த்து நடக்கிறது.

இந்தச் சுயவேகம் இணையத்தோடு பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். பிரெட் கெல்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், பிரேசில் நாட்டுச் சகாக்களோடு சேர்ந்து 1960களிலேயே இப்படி ஒரு முறையை உருவாக்கி பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் நடத்தியிருக்கிறார். பாடத்தைச் சின்னச் சின்ன அலகாகப் பிரிப்பது, ஒரு அலகில் நன்றாகத் தேறிய பிறகே அடுத்ததற்குப் போவது, எவ்வளவு நாள் எடுத்தாலும் தண்டனை இல்லை. 1968இல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே "ஆசிரியரே, போய் வாருங்கள்" என்கிற மாதிரி ஒன்று. தலைப்பைப் பார்த்துவிட்டு, ஆளே இல்லாத வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய முறையில் ஒவ்வொரு மாணவனுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். அதே பாடத்தை முன்பே முடித்த இன்னொரு மாணவர். அலகுத் தேர்வை அப்போதே திருத்தி, எங்கே பிழைத்தது என்று நேரிலேயே பேசுவார். அப்படி ஆள் வைத்தும்கூட, வேலையைத் தள்ளிப்போடுவது அந்த முறைக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. இன்றைய வகுப்புகள் கெல்லரிடம் இருந்து அலகுகளை எடுத்துக்கொண்டன, வேகத்தை எடுத்துக்கொண்டன, அந்த ஆளை மட்டும் விட்டுவிட்டன. ஆளுக்குத்தானே சம்பளம் கொடுக்க வேண்டும்!

நான் எடுத்த வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் வரும். இரண்டு நாளில் வரும். பௌதிகவியலில் சந்தேகம் இரண்டு நாள் காத்திருக்காது. அதற்குள் ஒன்று அது தானாகத் தீர்ந்துவிடும், அல்லது கேள்வி என்ன என்பதே மறந்துவிடும்.

இனி ஆய்வுகூடம். என்னைக் கேட்டால் முழு விவாதமும் இங்கேதான் இருக்கிறது.

கணினி மாதிரிகளை வைத்துச் செய்யும் பரிசோதனையைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். 2001இல் பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த வருடமே கொலராடோ பல்கலைக்கழகத்தில் பெட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். நீங்கள் எல்லோரும் பயன்படுத்தும் அந்த இலவச மின்சுற்று விளையாட்டு அங்கிருந்து வந்ததுதான். அதை வைத்துச் செய்து 2005இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், உண்மையான வயரும் பல்பும் தொட்டுப் படித்தவர்களைவிட, திரையில் மின்சுற்றுக் கட்டிப் படித்தவர்கள் கருத்துக் கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள். அதுமட்டும் இல்லை, பிறகு நிஜமான சுற்றைக் கட்டச் சொன்னபோதும் அவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். காரணம் விளங்குகிறது. திரையில் இலத்திரன்கள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நிஜ வயரில் எதுவும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிய வைப்பதற்குக் கணினியை மிஞ்ச ஒன்றும் இல்லை.

ஆனால் அளப்பது என்ற ஒன்று இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு ஊசல் பரிசோதனை வந்தது, திரையில்தான். நீளத்தை இழுத்துவிட்டு பொத்தானை அழுத்தினால் ஈர்ப்பு முடுக்கம் 9.81 என்று வந்து நிற்கும். எத்தனை தரம் செய்தாலும் 9.81. அறிக்கையில் "வழுவுக்கான காரணங்கள்" என்று ஒரு பகுதி எழுத வேண்டும். வழுவே இல்லாத இடத்தில் என்ன காரணத்தை எழுதுவது? எல்லோரும் "காற்றுத் தடை" என்று எழுதுகிறார்கள். அந்தத் திரையில் காற்றே இல்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. வீட்டில் ஒரு நூலை எடுத்து, அப்பாவின் கருவிப் பெட்டியில் இருந்த பெரிய நட்டைக் கட்டி, அலுமாரிக் கதவின் மேல் விளிம்பில் தொங்கவிட்டேன். நூல் சரியாக 1 மீட்டர். 20 ஆட்டத்துக்கு 40.4 செக்கன். ஒரு ஆட்டம் 2.02. கணக்குப் போட்டால் 9.68 வருகிறது. ரொறன்ரோவில் உண்மை மதிப்பு 9.80. ஏன் குறைந்தது? நீளத்தை நூலின் முடிவு வரைக்கும் அளக்கக் கூடாது, தொங்கும் கனத்தின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். நட்டின் நடு 1 சென்ரிமீட்டர் கீழே இருந்தது. அதைச் சேர்த்தால் 9.77. மிச்சம் என் விரல். போனில் பொத்தானை அழுத்தும்போது 0.2 செக்கன் முன்பின்னாகப் போகும். 40 செக்கனில் அது அரை வீதம்தான், விடையில் 1 வீதம். ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் அளந்திருந்தால் அதே 0.2 செக்கன் 10 வீதம், விடையில் 20 வீதம். இருபது ஆட்டம் எண்ணச் சொல்வது எதற்கு என்று எனக்கு விளங்கியது அந்தக் கதவுக்கு முன்னால்தான். இதற்குப் புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பௌதிகவியலுக்காவது நூலும் நட்டும் போதும். இரசாயனவியலுக்கு என்ன செய்வீர்கள்? எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தரம் 12 இரசாயனவியலை இதே முறையில் எடுத்து நல்ல புள்ளியோடு பல்கலைக்கழகம் போனார். முதல் வருட ஆய்வுகூடத்தில் ரைட்ரேஷன். பியூரெட்டின் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்துத் திருப்பியிருக்கிறார். திரையில் ஒரு துளி என்றால் ஒரு துளி. கையில் அது ஒரு துளியாக வராது, மெல்லிய இளஞ்சிவப்பு வர வேண்டிய இடத்தில் கடும் சிவப்பாகி நிற்கும். "எனக்குச் சமன்பாடு எல்லாம் தெரியும், கைதான் படிக்கேல்லை" என்றார். அவர் கெட்டிக்காரி, இரண்டு கிழமையில் பழகிவிட்டார். ஆனால் அவர் எடுத்த பாடத்திட்டத்தில் விஞ்ஞான ஆய்வுத் திறன் என்று முதல் பகுதியே ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதிக்கும் சேர்த்துத்தான் அவருக்குப் புள்ளி போட்டிருந்தார்கள்.

புள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்காபரோவில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் ஒரு மாமா இருப்பார். "உதில காசு கட்டினா 95 வருமாம், உண்மையோ?" பாடத்துக்குப் பல நூறு டொலர் வாங்கும் தனியார் இடங்கள் இருப்பது உண்மை. பல்கலைக்கழகங்கள் தரம் 12இன் சிறந்த ஆறு பாடங்களைப் பார்ப்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் விலை இருப்பதும் உண்மை. ஆனால் என் பரீட்சை மேற்பார்வையாளருக்கு முன்னால் நடந்தது, சும்மா வந்த புள்ளி இல்லை. ஒன்ராறியோவில் எந்தப் பாடத்துக்கும் 70 வீதம் தவணை வேலைக்கு, 30 வீதம் இறுதி மதிப்பீட்டுக்கு. 2022இன் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, யாரும் பார்க்காமல் வீட்டில் இருந்து எழுதும் அந்த 70இல் எவ்வளவு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. நேர்மையாக எழுதுகிற பிள்ளையின் புள்ளியையும் மாமா சந்தேகமாகத்தான் பார்ப்பார். அதுதான் எனக்குக் கோபம்.

அப்படியானால் இதை மூடிவிடலாமா என்றால், கூடாது. இரவில் கிடங்கில் வேலை செய்துவிட்டுக் காலையில் தூங்கும் ஒருவன் என் வகுப்பிலேயே இருந்தான். அவன் வீட்டு வாடகையில் பாதி அவனுடைய சம்பளம். காலை எட்டே முக்கால் வகுப்பு அவனுக்கு இல்லை. வட ஒன்ராறியோவின் சின்ன ஊர்களில் ஐந்து பிள்ளைகள் பௌதிகவியல் கேட்டால் பள்ளிக்கூடம் வகுப்பு வைக்காது. இன்னொருத்திக்குக் கல்குலஸும் பிசிக்ஸும் ஒரே நேரத்தில் விழுந்தன. இவர்களுக்கு இது சொகுசு இல்லை, ஒரே கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் பாதி விஞ்ஞானத்தை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் சண்டை.

என் யோசனை பெரிதாக ஒன்றும் இல்லை. பாடம் முழுவதையும் இணையத்தில் படிக்கட்டும், ஆனால் செமஸ்டருக்கு நாலைந்து சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுங்கள். எப்படியும் சனிக்கிழமை அது பூட்டித்தானே கிடக்கிறது. போன வருடம் அதே பாடத்தை முடித்த ஒருவரை கெல்லர் செய்த மாதிரி உதவிக்கு வையுங்கள். டிப்ளோமாவுக்கு 40 மணி நேர சமூக சேவை எல்லோரும் செய்ய வேண்டும், அதில் இதையும் கணக்கில் எடுக்கலாம். நூலக அலுமாரியில் புத்தகம் அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

லொக்கர் கேள்விக்கு வருகிறேன். அந்த 2 கட்டாயக் கிரெடிட்டைக் கழிப்பதற்காக மட்டும் ஒரு பாடம் தேடுகிறீர்கள் என்றால், பௌதிகவியலையும் இரசாயனவியலையும் விட்டுவிட்டு வேறு ஏதாவது எடுங்கள். பல்கலைக்கழகத்தில் பொறியியலோ மருத்துவ விஞ்ஞானமோ படிக்கப் போகிறீர்கள், பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பும் இருக்கிறது என்றால், நித்திரை முறித்தாவது வகுப்புக்குப் போங்கள். வேறு வழி இல்லையா, தாராளமாக எடுங்கள். ஆனால் தனியாக எடுக்காதீர்கள். உங்களுக்கு ஒரு ஆளை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒருமுறை நூலகத்தில் சந்தித்து, அந்தக் கிழமை முடித்ததைக் காட்ட ஒருவர் இருந்தால் போதும். நான் இந்த வருடம் இரண்டு பேருக்கு அப்படி இருக்கிறேன். மூன்றாவது ஆளுக்கும் இடம் இருக்கிறது, வியாழன் மாலை.

பி.கு.: நட்டை எங்கே வாங்குவது என்று கேட்கப் போகிறவர்களுக்கு. எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். நூல் மெல்லியதாக, இழுபடாததாக இருக்கட்டும். ஆட்டம் சின்னதாக இருக்கட்டும், 10 பாகையைத் தாண்ட வேண்டாம். அலுமாரிக் கதவை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், எங்கள் வீட்டில் தம்பி பிடித்தான்.