கிளட்ச் யாருடைய காலுக்கு?

காரில் கைமுறை கியர் மறைந்து வருகிறது என்ற வருத்தம் கார் ஆர்வலர்களிடையே அடிக்கடி கேட்கிறது. அவ்வருத்தம் பொய்யன்று. 2022இல் அறிமுகமான இன்னோவா ஹைகிராசில் கைமுறை கியர் கிடையாது. அதே ஆண்டு வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டிலும் கிளட்ச் மிதி இல்லை. எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து சக்கரத்தைச் சுழற்றும் இத்தகைய அமைப்புகளில், எது எப்போது இயங்க வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. ஓட்டுநரின் இடக்காலுக்கு அங்கே வேலையில்லை. மின்சாரக் கார்களின் நிலையும் அதுவே.

ஆயினும் இவ்வருத்தம் பாதி உண்மையையே பார்க்கிறது. மறுபாதியைக் காணப் பெங்களூரின் ஜீவனஹள்ளி போன்ற ஒரு பகுதிக்குச் செல்ல வேண்டும். காக்ஸ் டவுனை ஒட்டி, முன்னோர் ‘தண்டு’ என்றழைத்த கன்டோன்மென்ட் பக்கம் அமைந்த, தமிழர்கள் பலர் வாழும் இடம் அது. குறுகிய தெருக்களில் கார்கள் வாசலை ஒட்டியே நிற்கின்றன. அவற்றுள் மஞ்சள் எண்பலகை கொண்ட வாடகைக் கார்களும் உண்டு. அவை காலையில் புறப்பட்டுச் சேரும் சாலைகளின் நிலை உலகறிந்தது. டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பெங்களூரின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த ஊர்தலில் ஒவ்வொரு முறை நின்று நகரும்போதும் கிளட்சை மிதித்தாக வேண்டும்.

அதை மிதிப்பவர் யார்? வாடகைத் தொழிலுக்கென்றே விற்கப்படும் டிசையர் டூர் எஸ் கைமுறை கியருடன் வருகிறது. 2023இல் மீண்டும் சந்தைக்கு வந்த இன்னோவா கிறிஸ்டா, டீசல் எஞ்சினிலும் கைமுறை கியரிலும் மட்டுமே வந்தது. வாடகை ஓட்டுநர்கள் எரிபொருள் செலவை எண்ணி நாடும் சி.என்.ஜி. கார்களில், தானியங்கி வசதி 2024இல் டாடா டியாகோ, டிகோர் ஆகியவற்றின் வழியாகத்தான் இந்நாட்டில் முதன்முதலாகக் கிடைத்தது. ஆக, கைமுறை கியர் எங்கும் மறைந்துவிடவில்லை. அது இடம் மாறியிருக்கிறது. விலை உயர்ந்த காரில் விரும்பினாலும் கிடைப்பதில்லை. வாடகைக் காரிலோ வேண்டாமென்றாலும் விடுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓட்டுபவரின் கால் ஓய்வெடுக்கிறது. நாள் முழுதும் ஓட்டுபவரின் கால் உழைக்கிறது.

இதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. 2014இல் மாருதி செலேரியோ கொண்டுவந்த ஏ.எம்.டி. முறையில், கியர்ப்பெட்டி பழைய கைமுறைப் பெட்டியே. கிளட்சை விடுவிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஒரு சிறு இயந்திரம் செய்கிறது. அக்காரின் இருவகைகளுக்கும் அறிவிக்கப்பட்ட மைலேஜ் ஒன்றே: லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர். அறிமுகத்தின்போது விலை வேறுபாடு ஏறத்தாழ 40,000 ரூபாய்.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. சிங்கப்பூரில் தானியங்கிக் காருக்கென 3ஏ என்ற தனி உரிமமே உண்டு. அதை வைத்துக் கைமுறைக் காரை ஓட்ட இயலாது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ, கியர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவினையை மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. கார் ஓட்ட உரிமம் பெற்றவர் எவ்வகைக் காரையும் ஓட்டலாம்.

ஓட்டுநர்களே கைமுறையைத்தான் விரும்புகிறார்கள் என்று நிறுவனத்தார் கூறக்கூடும். அதில் நியாயம் உண்டு. பழகிய கை, தெருமுனை மெக்கானிக்கே பழுது பார்த்துவிடுவார், ஏ.எம்.டி.யின் கியர் மாற்றத்தில் சிறு குலுக்கலும் உண்டு. நாற்பதாயிரம் ரூபாய், தவணையில் கார் வாங்கியவருக்குச் சிறு தொகையன்று. ஆனால் விற்பனைப் பட்டியலிலேயே இல்லாத ஒன்றை விரும்பவில்லை என்று எவ்வாறு முடிவு கட்டுவது? மேலும், பல வாடகைக் கார்களில் வாங்குபவர் ஒருவர், ஓட்டுபவர் மற்றொருவர். விலையைக் கணக்கிடுபவரின் முழங்கால் வலிப்பதில்லை.

2001இலேயே கிளட்சும் கியரும் இல்லாத ரேவா மின்சாரக் காரைத் தயாரித்து விற்ற நகரம் பெங்களூர். அந்நகரின் வாடகை ஓட்டுநர் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் இடக்காலைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாடகைக்கென விற்கப்படும் ஒவ்வொரு காரிலும் ஏ.எம்.டி. ஒரு தேர்வாகவேனும் இருக்க வேண்டும். அதற்கான கூடுதல் விலையில் ஒரு பங்கை, அக்கார்களைக் கொண்டு வணிகம் செய்யும் செயலி நிறுவனங்கள் ஏற்க வேண்டும். அவ்வாறே கைமுறையை விரும்பும் ஆர்வலருக்கும் அது கிடைக்கட்டும். எந்த மிதி வேண்டும் என்பதை, அதை மிதிப்பவரே முடிவு செய்யட்டும்.