'வட்டி 10.49% முதல்': அந்த 'முதல்' யாருக்கு?



லோன் ஒப்பிட்டுப் பார்க்குற தளம் எதைத் திறந்தாலும் முதல்ல கண்ணுல படுறது ஒரு வட்டி விகிதம். பெரிய எழுத்து, பளிச்சுனு ஒரு நிறம். பக்கத்துலயே, கவனிச்சுப் பார்த்தாதான் தெரியுற மாதிரி ஒரு சின்ன வார்த்தை: 'முதல்'. 9.99% முதல். 10.49% முதல்.

மாசம் 30,000, 35,000 சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு அந்த முதல் வட்டி கிடைக்குறது அபூர்வம். பெரிய கம்பெனி வேலை, நல்ல சம்பளம், சிபில் ஸ்கோர் 780-க்கு மேல, வேற கடனே இல்லைன்னு இருக்குறவங்களுக்கான விலை அது. கடை வாசல்ல 'சட்டை 199 முதல்'னு போர்டு போட்டிருப்பாங்க. உள்ள போனா நம்ம அளவுல இருக்குற சட்டை 650 ரூபாய். சட்டைன்னா திரும்பி வந்துடலாம். லோன்ல மூணு வருஷம் மாட்டிக்குவோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒப்பீட்டுத் தளங்களைப் பயன்படுத்துங்க, அது நல்ல வசதி. ஆனா அது காட்டுறது ஒரு மெனு கார்டு மட்டும்தான். ஒப்பீட்டை முடிக்குற வேலை இன்னும் உங்க கையிலதான் இருக்கு.

இந்தக் கடை எப்படி நடக்குது?

சென்னையில 2008-ல் தொடங்கின பேங்க்பஜார், 2014-ல் வந்த பைசாபஜார் மாதிரி தளங்கள் உங்ககிட்ட ஒரு ரூபாய் கூட வாங்குறதில்லை. அப்புறம் எப்படி நடக்குது? பிசினஸ் மாடல் சிம்பிள். தளத்துல இருக்குற வங்கியும் என்பிஎஃப்சியும்தான் காசு தர்றாங்க. உங்க மூலமா ஒரு லோன் போச்சுன்னா அதுக்கு ஒரு கமிஷன்.

இதுல தப்பு எதுவும் இல்லை. கடன் தர்ற நிறுவனம்தான் இந்தக் கட்டணத்தைக் கொடுக்கணும், கடன் வாங்குறவர்கிட்ட தளம் தனியா வசூலிக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. ஆனா இதுல இருந்து ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். ஒப்பந்தம் போட்டவங்க மட்டும்தான் அந்தத் திரையில வருவாங்க. ஒப்பந்தம் போடாத வங்கி எவ்வளவு குறைஞ்ச வட்டிக்குக் கொடுத்தாலும், உங்க போனைப் பொறுத்தவரை அப்படி ஒரு வங்கியே கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

தங்கச்சி கல்யாணத்துக்கு 3 லட்சம் வேணும். மூணு வருஷம், 36 தவணை. திரையில ரெண்டு ஆஃபர் வருதுன்னு வெச்சுக்குவோம்.

ஆஃபர் ஒண்ணு: வட்டி 11.5%. இஎம்ஐ 9,893 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் 3%, அதாவது 9,000. அதுக்கு ஜிஎஸ்டி 18%, 1,620. கூடவே ஒரு இன்சூரன்ஸ், 6,000. எல்லாத்தையும் கழிச்சுட்டு உங்க அக்கவுண்டுக்கு வர்றது 2,83,380 ரூபாய்.

ஆஃபர் ரெண்டு: வட்டி 13%. இஎம்ஐ 10,108 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் 0.5%, ஜிஎஸ்டியோட சேர்த்து 1,770. இன்சூரன்ஸ் இல்லை. கைக்கு வர்றது 2,98,230 ரூபாய்.

வட்டியை வெச்சு வரிசைப்படுத்தினா ஒண்ணுதான் மேல நிக்கும். இஎம்ஐ-யை வெச்சுப் பார்த்தாலும் அதுதான் ஜெயிக்கும். நூத்துக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் அழுத்துவாங்க.

இப்போ கணக்கைப் பாருங்க. முதல் ஆஃபர்ல மாசம் 215 ரூபாய் மிச்சம். 36 மாசத்துக்கு 7,740 ரூபாய். ஆனா முதல் நாளே கைக்கு 14,850 ரூபாய் கம்மியா வந்திருக்கு. ஆக மொத்தம் 7,110 ரூபாய் நஷ்டம். கையில வராத காசுக்கும் சேர்த்து மூணு வருஷம் வட்டி கட்டுறீங்க.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்குறதுக்குத்தான் ஏபிஆர்னு ஒரு எண் இருக்கு. வட்டி, ஃபீஸ், கூடவே சேர்த்த இன்சூரன்ஸ் எல்லாத்தையும் உள்ளடக்கின மொத்த ஆண்டுச் செலவு அது. முதல் ஆஃபரோட ஏபிஆர் சுமார் 15.5%. ரெண்டாவதோடது சுமார் 13.4%. வட்டி பார்த்தா ஒரு கதை, ஏபிஆர் பார்த்தா அதுக்கு நேர் எதிர் கதை.

இன்னொண்ணும் சொல்லணும். யாராவது 'ஃப்ளாட் 10%'னு சொன்னா மயங்கிடாதீங்க. 3 லட்சத்துக்கு ஃப்ளாட் 10% மூணு வருஷம்னா வட்டி 90,000, இஎம்ஐ 10,833. நீங்க அசலைக் கட்டிக் குறைச்சுட்டே வந்தாலும் முழு 3 லட்சத்துக்கும் கடைசி மாசம் வரைக்கும் வட்டி போடுறாங்க. குறையும் அசல் முறைக்கு மாத்திப் பார்த்தா அது கிட்டத்தட்ட 18%.

ரிசர்வ் வங்கி என்ன மாத்தியிருக்கு?

2024 அக்டோபர் 1-ல் இருந்து எல்லா ரீடெய்ல் கடனுக்கும் கேஎஃப்எஸ்னு ஒரு சுருக்கத் தாள் கொடுக்கணும். ஏபிஆர், எல்லாக் கட்டணங்கள், தவணை அட்டவணை எல்லாம் அதுல இருக்கணும். அதுல போடாத எந்தக் கட்டணத்தையும் உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம பின்னாடி வாங்க முடியாது. நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், கடன் வாங்குறவருக்குப் புரியுற மொழியில அந்தத் தாள் இருக்கணும். தமிழ்ல கேக்குறது உங்க உரிமை. ஏழு நாளோ அதுக்கு மேலயோ உள்ள கடன்னா, அந்தத் தாளைப் படிச்சு முடிவெடுக்க குறைஞ்சது மூணு வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னைக்கு ஈவ்னிங்குள்ள சைன் பண்ணலைன்னா ஆஃபர் போயிடும் சார்"னு போன் வந்தா, இந்த மூணு நாளை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டாவது, ஒப்பீட்டுத் தளங்களுக்கு நேரடியா வந்த விதி. 2025 மே 8-ல் வெளியான டிஜிட்டல் கடன் விதிகள்ல, பல நிறுவனங்களோட கடனைக் காட்டுற தளங்களுக்கான பகுதி 2025 நவம்பர் 1-ல் இருந்து அமலுக்கு வந்துச்சு. உங்க தேவைக்குப் பொருந்துற எல்லா ஆஃபரையும் காட்டணும். கடன் தர்ற நிறுவனத்தோட பேர், தொகை, காலம், ஏபிஆர், மாசத் தவணை, அபராதம் எல்லாம் ஒப்பிடுற மாதிரி இருக்கணும். பொருந்தாத நிறுவனங்களோட பேரையும் சொல்லணும். ஒரே ஒரு நிறுவனத்தோட லோனைத் தள்ளிவிடுற மாதிரி திரையை அமைக்கக் கூடாது. வரிசைப்படுத்தினா எந்த அளவுகோல்ல வரிசைப்படுத்தினாங்கன்னு வெளிப்படையா இருக்கணும்.

நல்ல விதி, வரவேற்கிறேன். ஆனா இதுக்கு ஒரு எல்லை இருக்கு. தளத்தோட ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களுக்குள்ளதான் இந்த நியாயம். ஒப்பந்தமே இல்லாதவங்களை இந்த விதி திரைக்குக் கொண்டுவராது.

பாகூர்ல இருந்து பார்த்தா

பாகூர்ல இருந்து தினமும் காட்டுக்குப்பம் தொழிற்பேட்டைக்கோ, கிருமாம்பாக்கத்துக்கோ, கடலூர் சிப்காட்டுக்கோ, புதுச்சேரி டவுனுக்கோ வேலைக்குப் போற ஒருத்தரை எடுத்துக்குவோம். ஆதார்ல இருக்குற பின்கோடு 607402. யூனியன் பிரதேசம் புதுச்சேரிதான், ஆனா தபால் கணக்குல 605 இல்லை, கடலூர் பக்கத்து 607. நிறைய கடன் நிறுவனங்கள் பின்கோடு பார்த்துதான் ஆஃபரே காட்டும். அதனால டவுன்ல இருக்குற உங்க ஆபீஸ் நண்பருக்கு எட்டு ஆஃபர் வந்து, அதே சம்பளம் வாங்குற உங்களுக்கு மூணே வந்தா ஆச்சரியப்படாதீங்க. அது உங்க தகுதிக்கு வெச்ச மார்க் இல்லை. அந்த மூணுல ஒண்ணை அவசரமா பிடிச்சுக்கணும்னும் இல்லை.

ஏன்னா திரையில வராத கதவுகள் நம்ம ஊர்ல இருக்கு.

ஒண்ணு, உங்க சம்பள அக்கவுண்ட் இருக்குற வங்கி. மாசாமாசம் உங்க சம்பளம் வர்றதை அவங்க பார்த்துட்டு இருக்காங்க. உங்களைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு எந்தத் தளத்துக்கும் தெரியாது. பிரான்ச்சுக்கு நேரா போய்க் கேட்டா, ஃபீஸ்ல பேரம் பேசவும் முடியும்.

ரெண்டு, உங்க நிறுவனத்துலயோ துறையிலயோ ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருக்கான்னு பாருங்க. ஒரு எச்சரிக்கை: இந்தச் சங்கங்கள் ரிசர்வ் வங்கியோட நேரடிக் கட்டுப்பாட்டுல வராது. கேஎஃப்எஸ் எதிர்பார்க்க முடியாது. வட்டி, தவணை, பிடித்தம் எல்லாத்தையும் எழுத்துல வாங்கிக்கோங்க.

மூணு, வீட்டுல நகை இருந்தா வங்கியிலயோ கூட்டுறவு வங்கியிலயோ நகைக்கடன். எஃப்டி இருந்தா அதும்மேல கடன். எஃப்டி-க்கு வர்ற வட்டியை விட பொதுவா ஒண்ணு, ரெண்டு சதவீதம்தான் கூட இருக்கும். நகையை அடகு வைக்குறது கௌரவக் குறைச்சல்னு நினைச்சு 18% பர்சனல் லோன் எடுக்குறவங்க இருக்காங்க. கௌரவத்துக்கு அவ்வளவு வட்டி தேவையில்லைங்க. ஆனா குறிச்ச தேதிக்குள்ள மீட்க முடியுமான்னு வீட்டுல உட்கார்ந்து பேசிட்டு வைங்க. திருப்ப முடியலைன்னா நகை ஏலத்துக்குப் போகும்.

இந்த மூணு கதவையும் தட்டின பிறகு தளத்துக்கு வாங்க. இல்லை, தளத்தைப் பார்த்துட்டு அந்த விலையைக் கையில வெச்சுட்டு இந்தக் கதவைத் தட்டுங்க. எந்த வரிசையா இருந்தாலும், ரெண்டும் செஞ்சாதான் அது ஒப்பீடு.

இன்னும் ஒரு விதி வேணும்

பிரிட்டன்ல லோன் விளம்பரத்துக்கு ஒரு வழக்கம் இருக்கு. 'ரெப்ரசென்டேட்டிவ் ஏபிஆர்'னு ஒரு எண்ணைப் போட்டா, அந்த விளம்பரம் மூலமா கடன் வாங்குறவங்கள்ல குறைஞ்சது 51% பேருக்கு அந்த ஏபிஆரோ அதைவிடக் குறைவோ கிடைக்கும்னு நியாயமா எதிர்பார்க்கணும். அதாவது விளம்பர விலை பாதிப் பேருக்கு மேல கிடைக்குற விலையா இருக்கணும்.

நமக்கும் அது வேணும்ங்கிறது என் கருத்து. 'முதல்'னு போடுறதுக்குப் பதிலா, 'எங்ககிட்ட கடன் வாங்கினவங்கள்ல பாதிக்கு மேல இந்த ஏபிஆருக்குள்ள வாங்கினாங்க'ன்னு போடட்டும். கேஎஃப்எஸ் நல்லதுதான், ஆனா அது கடைசிப் படியில வருது. அதுக்குள்ள பேன் கொடுத்து, ஓடிபி கொடுத்து, மனசளவுல கடன் வாங்கி முடிச்சிருப்போம். உண்மையான விலை முதல் திரையிலயே தெரியணும்.

அந்த விதி வர்ற வரைக்கும், அப்ளை அழுத்துறதுக்கு முன்னாடி:

1. மூணு எண்ணை ஒரு பேப்பர்ல எழுதுங்க: கைக்கு வர்ற தொகை, மொத்தமா திருப்பிக் கட்டுற தொகை, ஏபிஆர். வட்டி விகிதத்தை எழுதவே வேண்டாம்.

2. உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை நீங்களே முதல்ல பாருங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க், நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். நீங்களே பார்த்தா ஸ்கோர் குறையாது. ஆனா அஞ்சு நிறுவனத்துல ஒரே நேரத்துல அப்ளை பண்ணினா அஞ்சு விசாரணை பதிவாகும், ஸ்கோர் அடி வாங்கலாம். ஒப்பிடுறது எத்தனை வேணாலும் இருக்கட்டும், அப்ளை ஒண்ணோ ரெண்டோ போதும்.

3. இன்சூரன்ஸ் டிக் ஏற்கெனவே போட்டிருக்கான்னு பாருங்க. வேண்டாம்னா எடுத்துடுங்க.

4. போன் கான்டாக்ட், போட்டோ, கால் லாக் கேக்குற லோன் ஆப்பை உடனே மூடிடுங்க. அதுக்கு அனுமதியே இல்லை. ரிசர்வ் வங்கி இணையதளத்துல டிஜிட்டல் லோன் ஆப்களோட பட்டியல் இருக்கு, அதுல அந்தப் பேர் இருக்கான்னு தேடுங்க.

5. முன்கூட்டியே அடைச்சா என்ன கட்டணம்னு கேளுங்க. போனஸ் வந்ததும் முடிச்சுடலாம்னு நினைக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

6. டிஜிட்டலா எடுத்த லோன் வேண்டாம்னு தோணினா, குறைஞ்சது ஒரு நாளாவது திரும்பிப் போக வழி உண்டு. அசலையும் அந்த நாளுக்கான செலவையும் கட்டிட்டு, அபராதம் இல்லாம வெளிய வரலாம். கேஎஃப்எஸ்-ல சொல்லியிருந்தா பிராசஸிங் ஃபீஸை மட்டும் வெச்சுக்குவாங்க.

7. புகார் கொடுத்து 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். உதவி எண் 14448.

7,110 ரூபாய் பெரிய தொகையான்னு சிலருக்குத் தோணலாம். மாசம் 32,000 சம்பளக்காரருக்கு அது கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம். அந்த ஒரு வார உழைப்பைக் காப்பாத்த ஒரு பேப்பரும் பத்து நிமிஷமும் போதும். இந்த வாரம் யாராவது லோன் எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா, அந்த மூணு எண்ணையும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்க.