உப்புப் போடுற கை

சப்பாத்துக் கடைக்குள்ள போனா நாம எல்லாருமே தோல் நிபுணர்கள்தான். வளைச்சுப் பார்ப்போம், மூக்குக்கிட்ட கொண்டுபோய் மணந்து பார்ப்போம், "இது ஒரிஜினலா, ரெக்சினா?" என்று கடைக்காரரைக் கேட்போம். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் எந்த நாட்டில் செய்தது, எந்த பிராண்ட் என்றும் பார்ப்பார்கள். தோல் நல்லா இருந்தா அந்தப் பெயர் பிராண்டுக்குப் போகும். அதையும் தாண்டி யோசிக்கிறவர்கள் பதனிடும் ஆலைக்குக் கொஞ்சம் குடுப்பார்கள்.

ஆனால் அந்தச் சப்பாத்தின் தரத்தில் பெரிய பங்கு, ஆலைக்கு லொறி வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. மாட்டை உரித்த பிறகு வரும் முதல் மூன்று, நாலு மணித்தியாலத்தில், யாரோ ஒருவர் உப்புப் போட்டாரா இல்லையா, எவ்வளவு போட்டார், எப்படிப் போட்டார் என்பதில்தான் அது இருக்கிறது. அந்த ஆளுக்குக் கிடைக்கிற கூலியும் மரியாதையும் அந்தச் சப்பாத்தின் விலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் கிடக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு உப்பும் பக்டீரியாவும் எதுக்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்க. விஷயம் சாதியில்தான் போய் நிற்கப்போகிறது.

உரித்த தோலில் அறுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம், அதிலும் முக்கியமாக கொலாஜன். நாளைக்குத் தோல் பொருளாக மாறப்போகிறது இந்தக் கொலாஜன் நார்தான். உயிரோடு இருக்கும்வரை மிருகத்தின் உடம்பு கிருமிகளோடு சண்டை பிடிக்கும். உயிர் போன நிமிஷத்தில் அந்தச் சண்டை நின்றுவிடும். தண்ணீர் இருக்கு, சூடு இருக்கு, புரதம் இருக்கு. பக்டீரியாவுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. அவை சுரக்கும் நொதியங்கள் முதலில் மயிர்க்கால்களைச் சுற்றி அரிக்கத் தொடங்கும். விரலால் இழுத்தால் மயிர் கொத்தாகக் கையோடு வரும். அப்படி வந்தால் அந்தத் தோல் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மணம் வருவதற்கு முன்பே, கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரிவதற்கு முன்பே இது நடக்கும்.

இதை நிறுத்துவதற்குத்தான் உப்பு. சதைப்பக்கம் மேலே தெரியும்படி தோலை விரித்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் சுரண்டி எடுத்துவிட்டு, தோலின் எடையில் நாற்பது முதல் ஐம்பது சதவீதம் வரை உப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். கேட்கச் சும்மா சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. கொழுப்பை விட்டுவிட்டால் உப்பு உள்ளே இறங்காது. உப்பு ரொம்பப் பெரிய கல்லாக இருந்தால் இடையிடையே படாத இடம் விடும், அந்த இடம் அழுகும். ரொம்பப் பொடியாக இருந்தால் கட்டியாகிவிடும், அல்லது சீக்கிரம் கரைந்து வழிந்து ஓடிவிடும். போன தடவை பாவித்த உப்பை மிச்சம் பிடித்துத் திரும்பப் போட்டால் இன்னொரு வில்லங்கம். உப்பிலேயே வாழப் பழகிய பக்டீரியாக்கள் அதோடு வந்து, தோலில் சிவப்புச் சிவப்பாகப் படர்ந்துவிடும். அழுக்கு உப்பில் இருக்கும் இரும்பும் கல்சியமும் கறையாகப் பிடிக்கும். அடுக்கும்போது தரை சரிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசிந்து வரும் உப்புத்தண்ணியிலேயே தோல் ஊறிக்கொண்டு கிடக்கும். அதற்கும் முன்னால், உரிக்கிறவரின் கத்தி ஒரு இடத்தில் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் போதும், அந்த இடம் கடைசிவரைக்கும் ஓட்டைதான். இரத்தம் முழுதாக வடியாமல் விட்டிருந்தால் நரம்புக்கோடுகள் தோலில் தெரியும்.

இத்தனைக்கும் கணக்கு எங்கே தீர்க்கப்படுகிறது? ஆலையில், மயிரை நீக்கிய பிறகு. அப்போதுதான் தோலின் மேற்பரப்பு முதல்முதலாக வெளிச்சத்துக்கு வருகிறது. சுத்தமாக இருந்தால் அதை அப்படியே, இயற்கையான மேற்பரப்பு தெரிய, அதிக விலைக்குப் பதனிடலாம். ஊசிக்குத்து மாதிரி சின்னச் சின்னக் குழிகள், கறைகள், தளர்ந்துபோன இடங்கள் இருந்தால் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே பூச்சு பூசி, பொய்யாக ஒரு தோல் வடிவத்தை அழுத்திப் பதிப்பார்கள். கடையில் நாங்கள் தடவிப் பார்த்து "அட, எவ்வளவு ஒரே சீரா இருக்கு!" என்று மெச்சுவது பல நேரம் அந்த அச்சைத்தான். பதனிடுவதற்கு மிருகத்தோலில் இருக்கும் நாரைக் காப்பாற்ற முடியும். அழிந்த நாரைத் திரும்ப உண்டாக்க முடியாது. உலகத்திலேயே சிறந்த ஆலைக்குக் கொண்டுபோனாலும் அதே கதைதான்.

இப்ப எங்கள் ஊருக்கு வருவோம். கண்டி மலைநாடு, குளிர், அதனால் தோல் பழுதாகாது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 500 மீற்றர்தான் நாங்கள். பகலில் நல்லா வேர்க்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை ஈரம். காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். வீட்டு உப்புப் போத்தல் மழைக்காலத்தில் நீர்விடுவது இதனால்தான். மஹய்யாவையில் வருஷத்தில் எத்தனையோ நாள் அந்த 75 தாண்டித்தான் இருக்கும். ஆக இங்கே உப்புப் போடுவது ஒருதடவை போட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை. கூரை வேணும், காற்றோட்டம் வேணும், திரும்பப் பார்த்துத் திரும்பப் போட ஆள் வேணும்.

ஹஜ்ஜுப் பெருநாளை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க இறைச்சிக்கடைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருகிற தோல், உழ்ஹிய்யா நாட்களில் ஒரேயடியாக வந்து குவியும். எல்லார் கவனமும் இறைச்சியைப் பங்கிடுவதில் இருக்கும், இருக்கவும் வேண்டும். தோல் ஒரு பக்கம் சுருட்டி வைக்கப்படும். ஆட்டுத்தோல் என்றால் பொலித்தீன் பையில் கட்டி வைக்கிறதும் உண்டு. உடம்புச் சூடு ஆறாத ஈரத்தோலைச் சுருட்டிப் பைக்குள் கட்டுவது, பழுதாக்க வேண்டும் என்றே கண்டுபிடித்த முறை மாதிரி. பின்னேரம் லொறி வரும்போது அதன் கதை முடிந்திருக்கும். பங்களாதேஷில் 2019ல் பெருநாளுக்குப் பிறகு தோல் விலை விழுந்து, வாங்க ஆளில்லாமல் பல இடங்களில் தோலை மண்ணுக்குள் புதைத்தார்கள். உலகத்துக்கே தோல் பொருள் ஏற்றுமதி செய்கிற நாட்டில் இது நடந்தது. விலை இல்லை என்றால் உப்புக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது, உப்பு இல்லை என்றால் அந்தத் தோலுக்கு விலையும் வராது.

இதில் சம்பளக் கணக்கையும் பார்க்கணும். தோலை "ஒன்று இவ்வளவு" என்று துண்டுக்கு விலை பேசி வாங்கும் இடங்களில், கவனமாக உரித்து நேரத்துக்கு உப்புப் போட்டவருக்கும் கத்தியால் கிழித்து மூலையில் போட்டவருக்கும் ஒரே காசு. பிறகு ஏன் ஒருவர் வெறும் கையோடு உப்பில் நின்று, வெடித்த விரல்களோடு வேலை செய்ய வேண்டும்? தரம் பார்த்து விலை குடுக்கும் இடத்தில்கூட, தரம் ஆலையில்தான் தெரியவரும் என்பதால், கூடின விலை உப்புப் போட்டவர் கைக்கு வந்து சேராது. "நம்ம நாட்டுத் தோல் தரமில்லை" என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். கிராமத்து மக்களுக்கு "விழிப்புணர்வு" இல்லை என்று ஒரு பட்டறை வைத்து, பிஸ்கட்டும் தேநீரும் குடுத்து அனுப்புவது லேசு.

சாதிக்கு வருகிறேன். மஹய்யாவ என்றால் கண்டியில் பலருக்கு ஞாபகம் வருவது இரண்டு விஷயம்: மயானம், மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்பு. நகரத்தைக் கூட்டவும் கழுவவும் வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் குத்திக்காட்ட மற்றத் தமிழர்கள் பாவிக்கும் சொல் ஒன்று இருக்கிறது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் பள்ளிக்கூட மைதானத்தில் சண்டை வந்தால் வாயில் வருகிற அந்த வசைச்சொல், அடிப்படையில் தோல் வேலை செய்தவர்களின் சாதிப்பெயர். ஒரு தொழில் தெரிந்தவர்களின் பெயரை எடுத்து வசையாக்கி வைத்திருக்கிறோம், அந்தத் தொழிலில் வந்த பொருளைக் காலில் போட்டுக்கொண்டே.

இது தமிழருடைய சொத்து மட்டும் இல்ல. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 வருஷம் கைதியாக இருந்த ரொபட் நொக்ஸ், 1681ல் லண்டனில் வெளியான தன் நூலில், ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களைப் பற்றி எழுதுகிறார். அரசனுக்கு அவர்கள் செய்ய வேண்டிய ஊழியத்தில் ஒன்று, யானை பிடிக்கவும் கட்டவும் மாட்டுத்தோல் கயிறு செய்து குடுப்பது. யோசிச்சுப் பாருங்க. யானை இழுத்தாலும் அறாத கயிறு. உரித்த தோலை அழுகவிடாமல் காயவைத்து, சரியான பதத்தில் வெட்டி முறுக்கத் தெரியாமல் அதைச் செய்ய முடியாது. இராச்சியத்தின் யானைப்படை அந்த அறிவை நம்பி நின்றது, அந்த அறிவு உள்ளவர்கள் பொதுக் கிணற்றில் தண்ணி அள்ள முடியாமல் நின்றார்கள்.

பெரஹரவுக்கு வருகிறவர்கள் கேட்கிற கெட்ட பெரய மேளத்தின் ஒரு முகம் மாட்டுத்தோல். எங்கள் தப்பும் தோல்தான். மேளத்துக்கான தோலைப் பாதுகாக்கும் முறை சப்பாத்துத் தோலுக்கு நேர் எதிர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அங்கே உப்பு ஆகாது. உப்பேறிய தோல் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும், சத்தம் மழுங்கிவிடும். இழுத்துக் கட்டிக் காயவைக்க வேண்டும். கடும் வெயிலில் போட்டால் மேற்பக்கம் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டு நடுவால் அழுகும். அதனால் நிழல், காற்று, பொறுமை. தப்படிக்கிறவர்கள் நெருப்புக் காட்டுவதும் இதே ஈரத்தை விரட்டத்தான். எந்தத் தோலுக்கு உப்பு, எந்தத் தோலுக்கு நிழல் என்று தெரிந்து வைத்திருந்தவர்களை "படிக்காத சனம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

சென்னையில் 2020ல் டி. எம். கிருஷ்ணா, மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி எழுதிய "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" நூலை வெளியிட இருந்தபோது, கலாக்ஷேத்ரா தான் குடுத்திருந்த மண்டப அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மிருதங்கத்தில் இருப்பது பசு, எருமை, ஆட்டுத்தோல். அதைச் செய்பவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். கச்சேரிக்கு அந்த வாத்தியம் மேடையேறுவதில் யாருக்கும் பிரச்சினை இருந்ததில்லை. எங்கள் நாட்டில் 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் குடுத்தபோது, சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்றும் சொன்னார்கள். நான் பார்த்த ஃபேஸ்புக் சண்டைகள் எல்லாம் இறைச்சியையும் மதத்தையும் சுற்றியே நடந்தன. தோலுக்கு உப்புப் போட்டுச் சீவிக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்ட ஒரு பதிவை நான் காணவில்லை.

ஒரு எதிர்வாதம் வரும், வர வேண்டியதும்தான். "எங்க ஆளுங்க இந்த வேலையிலிருந்து வெளிய வரத்தானே இவ்வளவு பாடுபட்டாங்க, நீ திரும்ப அதுக்குள்ள தள்ளுறியா?" இல்லை. யாரும் பிறப்பால் இந்த வேலைக்கு வரக்கூடாது. ஆனால் வேலை இருக்கும்வரை யாரோ ஒருவர் செய்துகொண்டுதான் இருக்கப்போகிறார். கையுறை, பூட்ஸ், தடுப்பு மருந்து, தரத்துக்கு ஏற்ற காசு இருந்தால் எந்தச் சாதிக்காரரும் விண்ணப்பிக்கக்கூடிய ஒரு தொழில்நுட்ப வேலை இது. பச்சைத்தோலில் அந்திராக்ஸ்கூட இருக்கலாம், அதை வெறும் கையால் தொடச் சொல்வதைப் "பாரம்பரியம்" என்று புகழ்கிற கட்டுரைகளையும் எனக்குப் பிடிக்காது.

உப்பையும் நான் கொண்டாட வரவில்லை. தோலில் போட்ட உப்பில் பெரும்பகுதி ஆலையின் ஊறலில் தண்ணியோடு வெளியே போகும். வேலூர்ப் பக்கத்தில் பாலாற்றுக்கு என்ன நடந்தது என்று போய்ப் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளின் கழிவால் கிணறுகள் உவர்ந்து, வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தினவரே செலவைக் கட்ட வேண்டும் என்ற கொள்கை அங்கே அழுத்தமாகச் சொல்லப்பட்டது. அதனால்தான் சென்னை அடையாறில் 1948லிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் உப்பைக் குறைக்கும் வழிகளைத் தேடுகிறார்கள்: குளிரூட்டி வைப்பது, கொஞ்ச உப்போடு போரிக் அமிலம் சேர்ப்பது, உப்பே போடாமல் உடனே ஆலைக்கு அனுப்புவது. நல்ல வழிகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் தேவை அதே முதல் நாலு மணித்தியாலத்தில் தோலுக்குப் பக்கத்தில் பழகின கை ஒன்று இருப்பது. குளிரறைக்கு வருகிற முன்னமே மயிர் கழன்றுவிட்டால் குளிரறை எதற்கு?

ஆகவே என் கோரிக்கை சின்னது, பெருநாளுக்குப் பெருநாள் செய்து பார்க்கக்கூடியது. பள்ளிவாசல் குழுக்கள் இறைச்சிப் பங்கீட்டுக்குத் தொண்டர்களைப் போடுவது போலத் தோலுக்கும் நாலு பேரைக் கூலி குடுத்துப் போடட்டும், பொலித்தீன் பையைத் தடைசெய்யட்டும். மாநகரசபை கூரையும் சரிவான தரையும் உள்ள ஒரு கொட்டகை குடுக்கட்டும். வாங்குகிறவர்கள் துண்டுக்கு விலை பேசாமல் தரம் பிரித்து விலை எழுதட்டும். 15 கிலோ எடையுள்ள ஒரு மாட்டுத்தோலுக்கு ஆறிலிருந்து ஏழரைக் கிலோ உப்பு வேணும். இப்போதைக்கு அந்த உப்பு யார் செலவு என்று கேட்டால், லொறிக்காரர் கடைக்காரரைக் காட்டுவார், கடைக்காரர் ஆலையைக் காட்டுவார். அதற்குள் மணி மூன்றாகிவிடும்.