இறங்கி உருட்டுவது அவமானமா?

சைக்கிளில் மலை ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுகம் என்று நினைப்பவர்கள் அதிகம். தார் ரோட்டில் அது சரிதான். மிதிக்கவே வேண்டாம், வண்டி தானாக ஓடும். ஆனால் பாறையும் சரளையுமாகக் கிடக்கும் மலை விளிம்புப் பாதையில் கதையே வேறு. அங்கே ஏற்றம் காலைத்தான் சோதிக்கும். இறக்கமோ கை, கண், புத்தி மூன்றையும் சேர்த்துச் சோதிக்கும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கொலராடோ ஆற்றை ஒட்டி, செம்பாறைப் பாலைவனத்தின் நடுவே உள்ள ஊர். 1950களில் யுரேனியம் தேடி ஆட்கள் அங்கே குவிந்தார்கள். பிறகு சுரங்கத் தொழில் படுத்துவிட்டது. அவர்கள் வெட்டிவிட்டுப் போன கரடுமுரடான பாதைகள் முதலில் ஜீப்புகளுக்கும், பின்னர் மலைச் சைக்கிள்களுக்கும் பயன்பட்டன. இன்று அந்த விளையாட்டுக்கு மோவாப் ஒரு தலைநகரம் மாதிரி.

அங்கே மிகவும் பேசப்படும் பாதையின் பெயர் 'ஹோல் என்சிலாடா'. என்சிலாடா என்பது மெக்சிகோ நாட்டு உணவு. 'முழு என்சிலாடா' என்றால் அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'ஒன்று விடாமல் எல்லாம்' என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி பல பாதைகளை ஒன்றாகக் கோத்த நீண்ட இறக்கம் அது. லா சால் மலைத்தொடரில் 11,000 அடிக்கும் மேலே உள்ள பர்ரோ கணவாயில் தொடங்கி, சுமார் 4,000 அடி உயரத்தில் ஓடும் கொலராடோ ஆற்றங்கரையில் முடிகிறது. தூரம் 40 கிலோமீட்டருக்கும் மேல். மேலே ஊசியிலைக் காடு, ஜூன் மாதத்திலும் கிடக்கக்கூடிய பனி. கீழே கொதிக்கும் செம்பாறை. கடைசிப் பெரும் பகுதி 'போர்க்குப்பைன் ரிம்', அதாவது முள்ளம்பன்றி விளிம்பு. பீடபூமியின் ஓரத்தை ஒட்டியே பாதை போகிறது. சில இடங்களில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பல நூறு அடிப் பள்ளம்!

பெரும்பாலானவர்கள் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். வழியில் சில ஏற்றங்கள் உண்டு. ஆனாலும் கடைசியில் களைத்துப்போவது கால் அல்ல, கைதான். மணிக்கணக்கில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து முன்கை மரத்துப்போகும். விரல் மடங்காது.

இறக்கத்தில் பிரேக் படும் பாடு இந்த விளையாட்டு பிறந்த நாளிலிருந்தே உள்ள விஷயம். 1976இல் கலிபோர்னியாவின் மாரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கும் பந்தயம் நடத்தினார்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக் அது. ஒரு தடவை இறங்குவதற்குள் சூட்டில் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த தடவை ஓட்ட முடியும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இன்றைய டிஸ்க் பிரேக் அப்படிப் புகைவதில்லை. சஸ்பென்ஷன் குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் சீட் தாழ்கிறது. வண்டி எவ்வளவோ மாறிவிட்டது. அதை ஓட்டுகிற மனிதனின் கையும் நிதானமும் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

முள்ளம்பன்றி விளிம்புக்கு வந்து சேரும் வழியில் 'ஸ்னாட்ச்' என்று ஓர் இடம். பாறை இடுக்கில் செங்குத்தாக இறங்கும் படிகள். நல்ல அனுபவசாலிகளிலும் பலர் அங்கே இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். சிலர் மட்டும் ஓட்டியே இறங்குகிறார்கள். யூடியூபில் அந்தச் சிலரின் வீடியோக்கள்தான் கண்ணில் படுகின்றன. இறங்கி நடப்பதை யார் படம் எடுத்துப் போடுவார்கள்? அதனால் புதிதாக வருபவர் மனதில், எல்லோரும் ஓட்டுகிறார்கள், இறங்கினால் கேவலம் என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது.

இப்படி ஓர் இடம் எதிரே வந்தால் மூன்று வழிகள் உண்டு. ஓட்டலாம். இறங்கி உருட்டலாம். அல்லது பாதையை விட்டு விலகி, ஓரமாக மண்ணில் சுற்றிக்கொண்டு போகலாம். ஓட்டவும் தைரியமில்லை, இறங்கவும் மனமில்லை என்பவர்கள் தேர்ந்தெடுப்பது இந்த மூன்றாவது வழியைத்தான். மூன்றிலும் மோசமானது அதுவே.

ஏன்? அந்தப் பாலைவன மண் வெறும் மண் அல்ல. அதன் மேல் கருத்து, மேடு பள்ளமாக ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து கட்டிய உயிருள்ள தோல் அது. காற்று மணலை அள்ளிப் போகாமல் பிடித்து வைப்பதும், மழை நீரைத் தேக்குவதும், நைட்ரஜனை மண்ணில் சேர்த்துச் செடிகளுக்கு உணவு தருவதும் அதுதான். ஒரு டயர் ஏறினால் நொறுங்கிவிடும். திரும்ப முழுசாக வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒருவர் சுற்றிப் போனால் தடம் விழுகிறது. அந்தத் தடத்தைப் பாதை என்று நம்பி அடுத்தவர் போகிறார். ஒற்றையடிப் பாதை ஒரு சீசனிலேயே அகலமாகிவிடுகிறது. ஒரு நிமிட வெட்கத்தை மறைக்க ஒரு தலைமுறைக் காலத்தை அழிப்பது எந்த விதத்தில் வீரம்?

"அப்படியானால் அந்தப் படிகளை உடைத்துச் சமப்படுத்திவிடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். அது தேவையில்லை. சுலபமான பாதைகளும் மோவாபில் நிறையவே இருக்கின்றன. கடினமான பாதை கடினமாகவே இருக்கட்டும். திறமை வளர்ந்த பிறகு திரும்பி வர ஓர் இடம் வேண்டாமா? பாறையைத் தன் அளவுக்குக் குறைப்பதை விட, தன் அளவை அறிந்து இறங்குவது மேல்.

இன்னொரு தரப்பு, "விழுந்தால் விழுபவனுக்குத்தானே அடி, மற்றவருக்கு என்ன?" என்கிறது. அதுவும் சரியல்ல. விளிம்பில் எலும்பு முறிந்து கிடப்பவரைத் தூக்கி வர ஆட்கள் மைல் கணக்கில் நடந்து வர வேண்டும், அல்லது ஹெலிகாப்டர் வர வேண்டும். கூட வந்த நண்பர்கள் வெயிலில், தண்ணீர் தீர்ந்துபோய்க் காத்துக் கிடக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

அதிலும் கடைசிப் பகுதியில்தான் கவனம் அதிகம் தேவை. ஆறு கண்ணில் பட்டதும் 'முடிந்துவிட்டது' என்று மனம் சொல்லும். ஆனால் ஆற்றை நோக்கி இறங்கும் அந்தக் குறுகிய பாதையும் பள்ளத்தின் ஓரத்தில்தான் போகிறது. கைகளோ அப்போது ஓய்ந்திருக்கும். காலையில் சுலபமாக ஓட்டக்கூடிய ஒரு படியை மாலையில் இறங்கிக் கடப்பதில் ஒரு குறையும் இல்லை.

இறங்கி உருட்டுபவர் பாதையை விட்டு விலகுவதில்லை, மண்ணை மிதிப்பதில்லை, யாரையும் காக்க வைப்பதில்லை. எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று தெரிந்திருப்பதும் ஓட்டத் தெரிந்ததில் ஒரு பகுதிதான். அதை அவமானம் என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் மாறினால் போதும். முழங்காலும் பிழைக்கும், மலையும் பிழைக்கும்.