ஆறுதலாக் கேளுங்கோ

அருவியாற்றுத் தண்ணி தேக்கம் அணையால திரும்பி வந்து கட்டுக்கரைக்குளத்தில நிக்கும். சிறுபோகத்தில தண்ணி குறைஞ்சால் முருங்கன் வயலுகளுக்கு முறை வைச்சுத்தான் விடுவினம். அதைப் பாத்து வளந்த நான், கணினிக்கு முன்னால இருந்தவுடன முறையை மறந்திட்டன்.

மன்னார் மாவட்டத்துக் கிராமங்கள், குளங்கள் எண்டு 600 பெயர்கள் சேர்த்து வைச்சிருந்தன். ஒவ்வொண்டும் வரைபடத்தில எங்க இருக்கெண்டு ஒரு இலவசத் தளத்திட்டக் கேக்கப் பைதன் நிரல் எழுதினன். ஒரு ஃபோர் லூப், உள்ளுக்கு ஒரு கோரிக்கை. இடைவெளி விடேல்லை. கொஞ்ச நேரத்தில 429 எண்டு பதில் வந்தது. அளவுக்கு மிஞ்சிக் கேக்கிறாய் எண்டதுக்கான எண் அது.

"ஐபியை மாத்தி மாத்திக் கேள் மச்சான், பிடிபடமாட்டாய்" எண்டான் நண்பன். இந்த எண்ணத்தோடதான் எனக்குச் சண்டை. ரேட் லிமிட்டை நாங்கள் எங்களை மறிக்கிற மதிலாப் பாக்கிறம். எனக்கு அது முறைத்தண்ணி. இரவில போய்த் துருசைத் திறந்தால் வாய்க்கால் கடைசியில இருக்கிற வயல் காயும்.

இணையத்திலயும் காய்ஞ்சிருக்கு. 2023 மே 28 அன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் ஒரு மணித்தியாலமளவில் முடங்கியது. 64 மெய்நிகர்க் கணினிகளில இருந்து செக்கனுக்குப் பத்தாயிரக்கணக்கில கோரிக்கைகள் போனதுதான் காரணம். ஆரோ ஒராளின்ர அவசரத்தால, அந்த நேரம் புத்தகம் தேடின எல்லாருக்கும் கதவு பூட்டு.

செய்ய வேண்டியது பெரிசில்லை. முதலில தளத்தின்ர விதியை வாசியுங்கோ. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது நொமினாட்டிம் சேவை, செக்கனுக்கு ஆகக்கூடினது 1 கோரிக்கை எண்டு சொல்லுது. அப்ப லூப்பின்ர ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் டைம்.ஸ்லீப்(1) போடுங்கோ. நீங்கள் ஆரெண்டு யூசர்-ஏஜென்டில சொல்லுங்கோ. 429 வந்தால், ரீட்ரை-ஆஃப்டர் சொல்லுற நேரம் பொறுங்கோ; அது இல்லாட்டி 2, 4, 8 செக்கன் எண்டு இரட்டிச்சுக்கொண்டு போங்கோ. வாற பதிலை உடன கோப்பில சேமியுங்கோ. நிரல் இடையில விழுந்தாலும் கேட்டதையே திருப்பிக் கேக்கத் தேவையில்லை. விக்கிப்பீடியா முழுக்க வேணுமெண்டால் பக்கம் பக்கமா இழுக்காமல் டம்ப் கோப்பை இறக்கலாம்.

"சரியா மெதுவாப் போகுமே?" எண்டு கேப்பியள். 600 பெயருக்கு 10 நிமிசம் சொச்சம். திருத்தின நிரலை ஓட விட்டிட்டு நான் ஒரு பிளேன்ரீ ஊத்திக் குடிச்சிட்டு வந்தன். ஒரு 429உம் இல்லாமல் 600உம் கோப்பில கிடந்தது.