வீட்டில் காத்திருக்கும் உயிர்கள்

ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது நாங்கள் கேட்கும் கேள்விகள் பல. வயது என்ன, என்னென்ன மருந்துகளை உட்கொள்கிறீர்கள், எந்த மருந்து ஒவ்வாது, உடனிருந்து கவனிப்பவர் யார் என்று அப்பட்டியல் நீளும். அதில் மற்றொரு கேள்வியும் இடம்பெற வேண்டும் என்பது எங்கள் கருத்து. உங்கள் கையை நம்பி வீட்டில் வாழும் உயிர்கள் எவை?

முதியோர் பலரின் பிள்ளைகள் பணி நிமித்தம் வேற்றூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றனர். அத்தகைய வீடுகள் சிலவற்றில் துணையாக இருப்பவை பூனைகளே. அவற்றுள் பெரும்பாலானவை விலை கொடுத்து வாங்கப்பட்டவை அல்ல. மழையில் நனைந்து வாசலில் ஒதுங்கியவை, தாயை இழந்து குப்பைத் தொட்டியருகே கிடந்தவை, வீடு மாறிச் சென்றவர்களால் கைவிடப்பட்டவை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓரிடத்தில் வளர்ந்து, வளர்த்தவரோடு சேர்ந்து தாமும் முதுமை எய்தியவை.

இவ்வீடுகளிலிருந்து வரும் நோயாளிகள் சிலர், உள்நோயாளியாகச் சேர வேண்டும் என்று சொன்னவுடன் தயங்குகின்றனர். செலவைக் குறித்த அச்சம் என்றே மற்றவர்கள் எண்ணுவர். உண்மைக் காரணத்தைச் சொன்னால் நகைப்பார்களோ என்று அவர்கள் வாய் திறப்பதில்லை. டயாலிசிஸ் குழாயில் கிருமித் தொற்று ஏற்பட்டு, குளிர் காய்ச்சலோடு வந்த மூதாட்டி ஒருவர், அன்று மாலையே வீடு திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் செய்தார். எங்கள் செவிலியர் அருகில் அமர்ந்து மெல்ல வினவியபோதுதான், "நாலு ஜீவன் பூட்டின வீட்டுக்குள்ள கிடக்கும்மா. அதுல ஒண்ணுக்குக் கண்ணு தெரியாது" என்றார். அண்டை வீட்டுப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி, உணவு வைக்க ஏற்பாடு செய்த பிறகே அவர் படிவத்தில் கையெழுத்திட்டார். இரத்தத்தில் கிருமி பரவும் நிலையில் ஓர் இரவுத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த ஆபத்தை அன்று விலக்கியது, செவிலியரின் ஒரு கேள்வியே.

மருத்துவ உலகில் எளிதாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு: "பூனையை எங்காவது விட்டுவிடுங்கள்." சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதை அடிக்கடி கேட்கின்றனர். இச்சொல்லின் விளைவு என்ன? சிலர் மனமுடைந்து, பழகிய பூனையைச் சந்தைப் பக்கம் விட்டுவருகின்றனர். வீட்டிலேயே வளர்ந்த முதிய பூனை, தெருவில் உணவு தேடவும் நாய்களிடமிருந்து தப்பவும் அறியாது. வேறு சிலர் பூனையை விடுவதில்லை. மருத்துவரிடம் மறைத்துவிடுகின்றனர். இவ்விரண்டாம் விளைவு நோயாளிக்கே தீங்கானது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட ஒருவர், நீடித்த காய்ச்சலுடனும் அக்குளில் வீங்கிய நெறிக்கட்டியுடனும் எங்களிடம் வந்தார். காசநோய், புற்றுநோய் என்று ஒவ்வொன்றாக ஐயுற்றுப் பரிசோதனைகள் நடந்தன. மூன்றாம் நாள் அவருடைய மகள் தயங்கித் தயங்கி, வீட்டில் ஒரு பூனைக்குட்டி இருப்பதாகவும் அது அப்பாவின் கையைப் பிராண்டியதாகவும் கூறினார். முன்பு வேறோர் இடத்தில் பூனைக்காகக் கடிந்துகொள்ளப்பட்டதால் சொல்ல அஞ்சியதாகவும் தெரிவித்தார். அது பார்ட்டோனெல்லா என்னும் நுண்ணுயிரியால் வரும் பூனைக் கீறல் நோய். உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் அவர் குணமடைந்தார். முதல் நாளே அஞ்சாமல் சொல்லக்கூடிய சூழல் இருந்திருந்தால், அக்குடும்பம் மூன்று நாள் பட்ட கலக்கம் குறைந்திருக்கும்.

ஆகவே, அச்சுறுத்துவதை விடுத்து, ஆபத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்வதே மருத்துவர்களின் கடமை.

டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியை எடுத்துக்கொள்வோம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அது தீங்கு செய்யக்கூடியது என்பது உண்மை. ஆனால் ஒரு பூனை பெரும்பாலும் தன் முதல் தொற்றின்போது, ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை மட்டுமே ஒட்டுண்ணியின் முட்டைகளை மலத்தில் வெளியேற்றுகிறது. அம்முட்டைகளும் தொற்றும் தன்மையை அடைய ஒரு நாளேனும் ஆகும். எனவே மணல் பெட்டியை நாள்தோறும் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து மிகவும் குறைகிறது. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரை, காய்கறிகளும் தோட்ட மண்ணும்கூட இவ்வொட்டுண்ணி பரவும் வழிகளே. பூனைக் கீறல் நோயும் தெள்ளுப்பூச்சி பீடித்த குட்டிகளிடமிருந்தே மிகுதியாக வருகிறது. வெளியே வேட்டையாடாமல், சமைத்த உணவை உண்டு, பல ஆண்டுகளாக வீட்டுக்குள் வாழும் கிழப் பூனையால் வரும் ஆபத்து, இன்று தெருவிலிருந்து எடுத்துவந்த குட்டியால் வரும் ஆபத்தைவிடக் குறைவு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் புதிதாகக் குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்போம். இருக்கும் முதிய பூனையைத் துரத்தச் சொல்ல மாட்டோம்.

பின்பற்ற வேண்டியவை சில உண்டு. மணல் பெட்டியைச் சுத்தம் செய்யும் பணியை வீட்டில் மற்றொருவர் ஏற்க வேண்டும். வேறு ஆள் இல்லையெனில் கையுறை அணிந்து செய்து, பின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்கக் கூடாது. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர், திரவம் மாற்றும் வேளையில் அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். இரவில் இயந்திரத்தோடு இணைந்து உறங்குவோருக்கும் இது பொருந்தும். பூனையின் பல்லோ நகமோ குழாயைத் துளைத்து, அதன்வழி வயிற்று உறையில் தொற்று ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. இரவில் காலிடறி விழாதிருக்க, முதியோர் நடக்கும் வழியில் சிறு விளக்கு எரியட்டும்.

பூனை கடித்தாலோ பிராண்டினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்கடியால் மட்டுமே ரேபிஸ் வரும் என்ற எண்ணம் தவறானது. பூனையாலும் வரும். வந்தபின் பிழைப்பது அரிது. உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி கட்டணமின்றிக் கிடைக்கிறது. வீட்டுப் பூனைக்கும் தவறாமல் ரேபிஸ் தடுப்பூசி போடப்பட வேண்டும். கடுமையான ஆஸ்துமா உள்ள சிலருக்கு மட்டும், மருந்துகளாலும் அடங்காதபோது, பூனையைப் பிரிய வேண்டிய நிலை மெய்யாகவே வரலாம். அப்போதும் அதற்கொரு நல்ல வீட்டைத் தேடித் தருவதற்குரிய அவகாசத்தை நோயாளிக்கு அளிப்பதே முறை.

இவற்றையெல்லாம் ஏட்டறிவைக் கொண்டு மட்டும் எழுதவில்லை. எங்கள் இல்லத்திலும் ஐந்து பூனைகள் உள்ளன. மூன்று பத்து வயதைக் கடந்தவை. ஒன்று மழைக்காலத்தில் மோட்டார் வாகனத்தின் எஞ்சினுக்குள் ஒளிந்திருந்தது. ஒன்றுக்கு ஒரு கண் இல்லை. ஒன்று, தன்னை வளர்த்தவர் காலமான பின் யாரும் ஏற்காததால் எங்களிடம் வந்தது. மூத்தவளாக இருந்த கறுப்பிக்குப் பதினைந்து வயதில் நாள்பட்ட சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. மனிதக் கணக்கில் அது எழுபத்தைந்து வயதுக்கு ஒப்பாகும் என்பர். முதிய பூனைகளுக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது. அதிகமாக நீர் அருந்துவதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், உடல் மெலிவதும் அதன் அறிகுறிகள். பகல் முழுவதும் மனிதரின் சிறுநீரகங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பி, இரவில் பூனையின் கிரியாட்டினின் அறிக்கையைப் படிக்கும் நிலை எங்களுக்கு வாய்த்தது.

கால்நடை மருத்துவர் கற்றுத்தந்தபடி, அவளது பிடரித் தோலை உயர்த்தி, தோலுக்கடியில் சலைன் செலுத்தினோம். பிள்ளைகள் அவளைத் துவாலையில் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். அறிக்கையில் எண்கள் உயர்ந்துகொண்டே சென்றன. அவளோ காலையில் சன்னலருகே வெயில் விழும் இடத்துக்குத் தவறாமல் சென்றாள்; தன் உடலை நக்கிச் சுத்தம் செய்தாள்; சாப்பாட்டுத் தட்டின் ஓசைக்குத் தலை திருப்பினாள். "எண்ணைப் பார்க்காதீர்கள், அவள் செய்வதைப் பாருங்கள்" என்றார் அம்மருத்துவர். வெயிலுக்குச் செல்வது நின்றதும், சலைன் ஊசிகளை நிறுத்தி, வாந்தியும் வலியும் இல்லாதவாறு மட்டும் பார்த்துக்கொண்டோம். நான்காம் நாள் இரவு, தன் கூடையிலேயே அவள் மறைந்தாள்.

இதனை மனிதரின் மரணத்தோடு ஒப்பிட நாங்கள் முனையவில்லை. ஆனால் இவ்வனுபவத்துக்குப் பின், டயாலிசிஸ் செய்துகொள்ளும் முதியவர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் கூடியுள்ளன. காலையில் எழுந்து எங்கே அமர்கிறீர்கள், எதைச் செய்தால் அந்த நாள் நல்ல நாள், யாருக்காகப் படுக்கையை விட்டு எழுகிறீர்கள் என்றும் கேட்கிறோம். "பூனைக்குப் பால் வைக்கணுமே, அதுக்குத்தான் எழுந்திருக்கேன்" என்று விடை வருவதுண்டு. அதை வேடிக்கைப் பேச்சாக நாங்கள் கொள்வதில்லை. நடக்க வேண்டும், குனிய வேண்டும், நேரம் தவறக் கூடாது என்று நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் நிகழாததை, பசித்த பூனையொன்று நாள்தோறும் நிகழ்த்திவிடுகிறது.

ஆதலால், முதிய பூனைகள் வாழும் வீட்டினருக்கு எங்கள் வேண்டுகோள் இது. உடல்நலத்தோடு இருக்கும்போதே, நீங்கள் இல்லாத நாட்களில் பூனைகளைக் கவனிக்கும் ஒருவரை முடிவுசெய்து, அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்துவையுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு பூனையின் பெயர், வயது, உணவு, மருந்து, கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். வெறும் தயிர்ச்சோறு பூனைக்குப் போதாது என்பதையும் அத்தாளில் குறிப்பிடுங்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் டாரின் என்னும் சத்து இன்றியமையாதது. அது மீனிலும் இறைச்சியிலும் உள்ளது. அதன் குறைபாடு பூனைகளின் இதயத் தசையை நலிவிக்கும் என்பது 1987ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. மிக முக்கியமாக, காய்ச்சல் போலத் தெரிகிறது என்று எண்ணிப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். நமக்கு ஏற்ற அம்மருந்தைப் பூனையின் உடலால் சிதைத்து வெளியேற்ற இயலாது. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறித்துவிடும்.

சிகிச்சைச் செலவைக் கண்டு அஞ்சுவோர் அரசு கால்நடை மருத்துவமனைகளை நாடலாம். 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரியில் இயங்குகிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

உறவினர்களுக்கும் ஒரு சொல். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர் "பூனை சாப்பிட்டதா?" என்று கேட்டால், "இப்போது அதுவா முக்கியம்?" என்று அடக்காதீர்கள். வீட்டுக்குச் சென்று, தட்டு காலியாக இருப்பதை ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். அன்றிரவு அவர் நன்றாக உறங்குவார். நோயாளி சிகிச்சையில் இருக்கும்போது வீட்டுப் பூனை இறந்துவிட்டால், அதனை எப்போது, எவ்வாறு தெரிவிப்பது என்று எங்களிடம் கலந்து பேசுங்கள். அத்துயரும் துயரே. நாங்கள் அதைப் பொருட்படுத்துவோம்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களிடம் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கியுள்ளோம். மருத்துவமனையின் எல்லாப் பிரிவுகளிலும், சேர்க்கைப் படிவத்திலேயே அதற்கொரு வரி ஒதுக்கப்பட வேண்டும் என்று விழைகிறோம். அதுவரை, யாரும் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறை மருந்துச் சீட்டுகளோடு வரும்போது, வீட்டில் எத்தனை பூனைகள் உள்ளன, அவற்றின் வயது என்ன, அண்மையில் எதுவும் பிராண்டியதா என்பதையும் சேர்த்துத் தெரிவியுங்கள்.